காற்றா, மாத்திரையா? சென்னையில் நடந்த ஒரு பரிசோதனையின் கதை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அது தென்காசி பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்துவிடும். தோளில் துண்டு, கையில் எண்ணெய் பாட்டில், இடுப்பில் குழந்தை என்று கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்குவார்கள். அங்கிருந்து அருவிக்கு ஐந்து கிலோமீட்டர்தான். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் நின்றால் உடம்பு வலி போகும், சூடு தணியும், நல்ல தூக்கம் வரும் என்பார்கள். மலையில் இருக்கும் மூலிகைகளைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர், பொதிகைக் காற்று, மெல்லிய சாரல்... இவை எல்லாம் சேர்ந்து நோயைத் தீர்க்கும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் மிகப் பழைய நம்பிக்கை.

ஆங்கிலேயர்களும் இதை நம்பினார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குத் தப்பித்து குற்றாலத்துக்கு வந்து தங்கினார்கள். அவர்களுடைய கெசட்டியர்களில் குற்றாலம் ஓர் ஆரோக்கிய ஸ்தலம் என்றே குறிக்கப்பட்டது. 

குளித்தால் உற்சாகம் வருகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல காற்று ஒரு கொடிய நோயைக் குணப்படுத்துமா? இந்தக் கேள்விக்கு உலகமே ஒரு காலத்தில் "ஆமாம்" என்று பதில் சொன்னது. அந்த நோயின் பெயர் காசநோய். அந்தப் பதிலை மாற்றி எழுதிய ஊர் லண்டனோ நியூயார்க்கோ அல்ல, நம்முடைய சென்னை!

காற்றை நம்பிய காலம்

1882 மார்ச் 24-ஆம் தேதி ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று அறிவித்தார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கொல்லும் மருந்து கைக்கு வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை மருத்துவர்களிடம் இருந்தவை மூன்றே மூன்று: சுத்தமான காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டவைதான் சானடோரியங்கள். 1854-இல் ஹெர்மன் பிரேமர் என்ற மருத்துவர் ஐரோப்பாவின் மலைப்பகுதி ஒன்றில் இதைத் தொடங்கி வைத்தார். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது.

தென்னிந்தியாவிலும் வந்தது. மதனப்பள்ளிக்கு அருகே கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து 1915-இல் ஒரு சானடோரியத்தைத் திறந்தன. அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்றே பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய அனுபவம் உள்ள டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. சென்னை மின்சார ரயிலில் போகிறவர்கள் "தாம்பரம் சானடோரியம்" என்ற ஸ்டேஷனைத் தினமும் கடக்கிறார்கள். அந்தப் பெயர் வந்த கதை இதுதான்.

இப்போது தென்காசிப் பக்கத்து ஒரு ஏழைக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சம்பாதிக்கும் ஆளுக்கு இருமலில் ரத்தம் வருகிறது. ஊரிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இடம் கிடைத்தாலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேல் படுக்கையில் இருக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் கூலி கிடையாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? காற்று இலவசம்தான், ஆனால் அந்தக் காற்றைச் சுவாசிக்கப் போகிற செலவு இலவசம் இல்லை.

மருந்து வந்தது, புதிய சிக்கலும் வந்தது

1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமியைத் தாக்கிய முதல் நல்ல மருந்து அது. ஊசியாகப் போட வேண்டும். ஆனால் அதைத் தனியாகக் கொடுத்தபோது ஆரம்பத்தில் தேறிய நோயாளிகளில் பலர் சில மாதங்களில் மறுபடியும் நலிந்தார்கள். கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது! அடுத்து பி.ஏ.எஸ். என்ற மருந்து வந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது என்று தெரிந்தது. 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. இது மலிவானது, வாயால் விழுங்கக்கூடியது, வீரியமானது.

ஆக, 1950-களின் நடுவில் மருந்து கையில் இருந்தது. ஆனால் மருத்துவர்களின் மனதில் சானடோரியம்தான் இருந்தது. மருந்து கொடுப்பதாக இருந்தாலும் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இந்தியாவின் கணக்கோ வேறு மாதிரி இருந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். எந்த பட்ஜெட்டாலும் நிரப்ப முடியாத இடைவெளி இது.

இந்த நெருக்கடியில்தான் ஒரு எளிய கேள்வி எழுந்தது. நோயாளி தன் சொந்த வீட்டிலேயே, நெரிசலான தெருவிலேயே, கிடைக்கிற சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு இந்த மாத்திரைகளை விழுங்கினால் குணமாக மாட்டாரா?

சென்னை பரிசோதனை

இதற்குப் பதில் தேட 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து இதை அமைத்தன. முதலில் தலைமை ஏற்றவர் பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது இதே மையம்தான்.

சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்குவது போலத்தான் முடிவு செய்யப்பட்டது. அப்போதுதானே ஒப்பீடு நியாயமாக இருக்கும்? இரண்டு குழுவுக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடத்துக்கு.

சானடோரியக் குழுவுக்கு நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு. வீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, குறைவான சாப்பாடு. பலர் வேலையும் செய்தார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று யாரைக் கேட்டாலும் சானடோரியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1959-இல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் சளியில் கிருமி அடங்கி நோய் தணிந்த நிலைக்கு வந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். மிகச் சிறிய வித்தியாசம். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அந்த வித்தியாசமும் இல்லாமல் போனது. இன்னொரு பயமும் இருந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்தால் மனைவி, குழந்தைகளுக்கு அதிகம் தொற்றுமே? அதையும் கணக்கெடுத்தார்கள். வீட்டில் சிகிச்சை எடுத்தவரின் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து ஏதும் தெரியவில்லை. சிகிச்சை ஆரம்பித்ததும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. வீட்டாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

நூறு வருட சானடோரிய நம்பிக்கையை 193 சென்னை ஏழைகள் ஆட்டிவிட்டார்கள். குணப்படுத்தியது காற்று அல்ல, கட்டிடம் அல்ல, மருந்து.

ஆனால் மருந்து உள்ளே போனதா?

கதை இங்கே முடிந்திருந்தால் அது மருத்துவர்களின் கதை மட்டுமே. அடுத்து வருவதுதான் முக்கியமான பகுதி. அது செவிலியர்களின் கதை.

சானடோரியத்தில் மருந்தைக் கொடுக்க ஆள் உண்டு. வீட்டில்? பி.ஏ.எஸ். சாதாரண மருந்து இல்லை. ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைப் புரட்டும். நோயாளிக்கோ இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, "இனி எதற்கு இந்தக் கண்றாவி?" என்ற எண்ணம் வந்துவிடும். அங்கேதான் ஆபத்து. இருமல் நின்றாலும் கிருமி செத்துவிடவில்லை. பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகவே பெருகலாம்.

இதைத் தடுக்க மையத்தின் பொதுச் சுகாதார செவிலியர்களும் ஹெல்த் விசிட்டர்களும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். சில சமயம் சொல்லிவிட்டு, சில சமயம் சொல்லாமல். மீதி இருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். கணக்குப் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இது அசல் ஸ்டாக் வெரிஃபிகேஷன்! கொடுத்தது இவ்வளவு, நாள் இத்தனை, மீதி இவ்வளவு இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் விழுங்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஸ்டாக் சரியாக இருப்பதாலேயே சரக்கு விற்றது என்று சொல்லிவிட முடியாதே? மாத்திரையைச் சாக்கடையில் போட்டாலும் கணக்கு டேலி ஆகிவிடும். அதனால் சிறுநீரையும் பரிசோதித்தார்கள். மருந்து உடம்புக்குள் போயிருந்தால், ரசாயனம் ஒன்றைச் சேர்க்கும்போது சிறுநீர் நிறம் மாறும். நோயாளிகளைத் திருடர்களாகப் பார்ப்பது இதன் நோக்கம் அல்ல. மனிதர்கள் யாராக இருந்தாலும், படித்தவரோ படிக்காதவரோ, நீண்ட நாள் மருந்தைத் தவறாமல் சாப்பிடுவது கடினம் என்பதை டாக்டர் ஃபாக்ஸ் அப்போதே எழுதினார். குறை நோயாளியின் குணத்தில் இல்லை, மருந்து கொடுக்கும் முறையில் இருக்கிறது என்று பார்த்தது பெரிய விஷயம்.

அந்தப் பார்வையிலிருந்து பிறந்ததுதான் அடுத்த யோசனை. தினமும் வீட்டில் விழுங்கச் சொல்வதற்குப் பதிலாக, வாரம் இரண்டு முறை மட்டும் நோயாளி கிளினிக்குக்கு வந்து, செவிலியரின் கண் முன்னாலேயே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? 1964-இல் வெளியான சென்னை ஆய்வு, இந்த முறை தினசரி மாத்திரைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று காட்டியது. நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. முப்பது வருடம் கழித்து, 1990-களில், உலக சுகாதார நிறுவனம் "டாட்ஸ்" என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரப்பிய திட்டத்தின் மையத்தில் இருந்தது இந்த யோசனைதான்.

பார்த்தால் மட்டும் போதாது, தெரிந்திருக்க வேண்டும்

செவிலியர் பாடத்தில் முதலிலேயே சொல்லிக் கொடுப்பது ஐந்து சரிகள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். கேட்பதற்கு மிக எளிது. ஆனால் அந்த மருந்து உடம்பில் என்ன செய்யும் என்று தெரியாதவரால் இந்த ஐந்தையும் காப்பாற்ற முடியாது. சென்னை ஆய்வுகளே இதற்கு நல்ல உதாரணம்.

ஐசோனியாசிட்டை எல்லோருடைய உடம்பும் ஒரே வேகத்தில் கழிப்பதில்லை. சிலருக்கு வேகமாகக் கழிந்துவிடும், சிலருக்கு மெதுவாக. இது பிறவியிலேயே அமைவது. தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவாகக் கழிப்பவர்கள். அளவைக் கூட்டிக் கொடுத்தபோது இவர்களில் சிலருக்குப் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வந்தது. நரம்பு பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் அது. கூடவே சிறிதளவு பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று சென்னை மையம் கண்டறிந்தது. "கால் எரியுதும்மா" என்று நோயாளி சொல்வதை, வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று தள்ளிவிடாமல் மருந்தோடு சேர்த்து யோசிக்கத் தெரிந்த செவிலியர் எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

ஸ்ட்ரெப்டோமைசின் காதின் உட்பகுதியைத் தாக்கக்கூடியது. காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் என்று ஆரம்பிக்கும். கவனிக்காமல் ஊசியைத் தொடர்ந்தால் போன செவித்திறன் திரும்ப வராது. கர்ப்பிணிக்குப் போட்டால் வயிற்றில் உள்ள குழந்தையின் காதும் பாதிக்கப்படலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த ஊசியைத் தினமும் கலந்து போட்ட செவிலியர்களில் சிலருக்குக் கையில் தோல் ஒவ்வாமை வந்தது. மருந்து, கொடுப்பவரையும் விடவில்லை.

பிறகு வந்த ரிஃபாம்பிசின் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க உதவியது. ஆனால் அது சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். இதனால் ஆபத்து எதுவும் இல்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நோயாளி ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார். கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைத்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். எத்தாம்புட்டால் கண்ணைப் பாதிக்கலாம். சிவப்பும் பச்சையும் குழம்பினால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கண் மஞ்சளானால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால், ஈரல் பாதிப்பாக இருக்கலாம். "மஞ்சக்காமாலை, நாட்டு மருந்து சாப்பிடு" என்று அனுப்பிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அளவும் எல்லோருக்கும் ஒன்றல்ல, எடையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாத்திரையை எண்ணிக் கொடுக்க ஒரு கடைப் பையன் போதும். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கொடுக்க ஒரு செவிலியர் வேண்டும்.

கதையின் மறுபக்கம்

சென்னை பரிசோதனையைத் தவறாகப் படித்தவர்களும் உண்டு. "சாப்பாடு முக்கியமில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. மருந்து ஒழுங்காகப் போனால் சானடோரியச் சாப்பாடு இல்லாமலும் கிருமியை அடக்க முடியும் என்பதைத்தான் அது சொன்னது. பட்டினி நல்லது என்று சொல்லவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப் பொருள் கொடுத்தால் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய "காசநோய் இறப்பில்லா திட்டம்", மிகவும் மெலிந்து, நலிந்து வரும் நோயாளிகளை முதல் நாளிலேயே அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. அந்த முதல் பரிசோதனையில் எடை பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், எழுந்து நிற்க முடிகிறதா என்று கவனிப்பதும் பெரும்பாலும் செவிலியர், சுகாதாரப் பணியாளர் கைகளில்தான் இருக்கிறது.

நேரில் பார்த்துக் கொடுக்கும் முறையிலும் ஒரு கஷ்டம் இருந்தது. தென்காசி, ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. மருந்துக்காகப் போன நேரத்தில் சுற்றாத பீடிக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு. காலப்போக்கில் முறையும் மாறியது. இந்தியாவில் வாரம் மூன்று முறை கொடுத்த மருந்து 2017 வாக்கில் தினசரி மருந்தாக மாற்றப்பட்டது. பல மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் வந்தன. 2018-இல் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024-இல் அதை 1000 ரூபாயாக உயர்த்தினார்கள். வீட்டுக்கு அருகிலேயே ஒருவர் மருந்து கொடுக்கவும் ஏற்பாடு வந்தது. கண்காணிப்பு என்பது மெல்ல மெல்லத் துணையாக மாறியது.

மறுபடியும் தென்காசி

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. இன்று இந்த ஊரில் ஒருவருக்குக் காசநோய் என்றால் 600 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சளிப் பரிசோதனையிலிருந்து மாத்திரை வரை எல்லாம் இலவசம். வீட்டில் இருந்தபடியே குணமாகலாம். 1956-இல் முன்பின் தெரியாத மருந்தை நம்பி ஆய்வில் சேர்ந்த அந்த 193 பேருக்கும், வெயிலில் தெருத்தெருவாக நடந்து மாத்திரை எண்ணிய பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாலஸ் ஃபாக்ஸின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மாத்திரை எண்ணியவர்களின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் உலகத்தில் உள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத கிருமிகளும் பெருகியிருக்கின்றன. பாதியில் நின்றுபோன மாத்திரைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த சீசனிலும் குற்றாலத்துக்குப் போகலாம், அருவியில் ஆசை தீரக் குளிக்கலாம், சாரலில் நனையலாம். மனதுக்கு நல்லது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறவர் யாராவது கூட வந்தால், "அருவியில குளிச்சா சரியாப் போயிரும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திரும்பும் வழியில் தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.